மூன்று மணி நேர நாயுடு

உன் கல்யாணப் பத்திரிகையில் என் பெயருக்குப் பின்னால் ‘நாயுடு’ என்று போட்டிருக்கிறார்கள். நான் நாயுடு இல்லை. உன் தாத்தா நாயுடு இல்லை, நீயும் இல்லை. நாம் பறையர்கள். உன் அக்கா சுகுணாவைக் கல்யாணத்துக்கு வர வேண்டாம் என்று சொல்லியாயிற்று. சொன்னது பெண் வீட்டார் இல்லை, நீ. இந்த இரண்டு அநியாயமும் உனக்குத் தெரிந்தே நடந்தவை. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். கடைசியில் வைத்தால் பாதி நலம் விசாரிப்பிலும் மீதி புத்திமதியிலும் கரைந்துபோய்விடும்.

இந்தக் கடிதத்தை உறையில் போட்டு ஒட்டி உனக்கு மட்டும் அனுப்பவில்லை. உன் அக்காவுக்கும் போகும், நீ கட்டிக்கொள்ளப்போகும் நாயுடு வீட்டுப் பெண் லாவண்யாவுக்கும் போகும். அவர்கள் வீட்டுப் பெரியவர்கள் படித்தாலும் சரி, நம் காலனியில் யார் படித்தாலும் சரி. மெதுவாகப் பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று நீ சொன்னாய். எல்லோரும் மெதுவாகப் பேசினதால்தான் காரியம் இவ்வளவு தூரம் வந்திருக்கிறது.

பத்திரிகை போனில்தான் வந்தது, வீடியோவாக. உன் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். தெலுங்கு எழுத்து அவளுக்கு வராது. எனக்கும் யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன், சித்தூர் பஸ் ஸ்டாண்டில் பஸ் போர்டுகளைப் பார்த்துப் பார்த்து நானே பழகிக்கொண்டது. அதனால் நான்தான் உரக்கப் படித்தேன். பிள்ளையார் வந்தார், நாதஸ்வரம் கேட்டது, மேலிருந்து ரோஜா இதழ்கள் விழுந்தன. உன் பெயரும் படிப்பும் வந்தன. அடுத்து என் பெயர். அங்கே நின்றுவிட்டேன்.

“இன்னா, கண்ணாடி வோணுமா?” என்றாள் உன் அம்மா.

“கண்ணாடி போட்டுக்கினுதான் கீறேன்.”

“அப்பறம் இன்னா? படி.”

படித்தேன். “வேற யாரோட பத்திரிகையாச்சும் மாத்தி அனுப்பிட்டானா பாரு” என்றாள். உன்மேல் அவளுக்கு அவ்வளவு நல்லெண்ணம்.

உடனே உனக்குப் போன் போட்டேன். பெங்களூரில் ஆபீஸ் கேன்டீனில் இருந்தாய். தட்டுச் சத்தத்துக்கு நடுவே, “நைனா, அத்த பெருசு பண்ணாத. லாவண்யா தாத்தாவுக்காகப் போட்டது. முகூர்த்தம், சாப்பாடு, போட்டோ, அவ்ளோதான். மூணு மணி நேரம் நாயுடுவா இருந்துட்டு வந்துடேன்” என்றாய்.

“மூணு மணி நேரம் ஆனப்பறம்?”

“அப்பறம் நீ நீயா இரு. யாரு வோணாம்னது?”

சொல்லிவிட்டுச் சிரித்தாய். உனக்கு அது கல்யாண மண்டபத்தில் தலைப்பாகை கட்டிக்கொள்வது மாதிரி. அந்தப் பெயரை வைத்திருப்பவர்கள் அதோடு பிறந்தவர்கள். அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. மற்றவன் சட்டையைப் போட்டுக்கொண்டு சாப்பாட்டுப் பந்தியில் உட்கார என்னால் முடியாது. சட்டை எவ்வளவு நல்ல சட்டையாக இருந்தாலும் சரி.

அதற்கு அடுத்த வாரம் உன் மாமனாராகப் போகிறவர் கூப்பிட்டார். “பாவகாரு, பாகுன்னாரா?” என்று ஆரம்பித்தார். சம்பந்தியை அவர்கள் பாவகாரு என்று அழைப்பது வழக்கம். அவர் ஜாதியில் என்னை முறை வைத்து அழைத்த முதல் மனிதர் அவர்தான். அதை மறைக்க மாட்டேன், மறக்கவும் மாட்டேன். பிறகு விஷயத்துக்கு வந்தார்.

“முகூர்த்தத்துல புரோகிதர் ரெண்டு பக்கத்து கோத்ரமும் மைக்ல சொல்லுவாரு. உங்க கோத்ரம் ஏமிட்டி?”

“எங்களுக்கு கோத்ரம் இல்லீங்க.”

“பர்வாலேது, பர்வாலேது. தெரியாதவங்களுக்கு காசியப கோத்ரம்னு சொல்லிடறதுதான். அதையே போட்டுடறேன்.”

“தெரியாம இல்லீங்க. இல்ல.”

“அய்யய்யோ, தப்பா எடுத்துக்காதீங்க பாவகாரு. நான் இதெல்லாம் பாக்கற மனுஷன் இல்ல. பொண்ணையே குடுக்கறேனே!” என்றார். உண்மைதான். பெண்ணைக் கொடுக்கிறார். என் பெயரை வாங்கிக்கொள்ளத்தான் அவருக்குத் தைரியம் வரவில்லை. அவர் கெட்டவர் என்று நான் எழுதவில்லை. கெட்டவராக இருந்தால் எனக்கு வேலை சுலபம்.

பெயரும் கோத்திரமும் மட்டும் போயிருந்தால் நான் பேசாமல் இருந்திருப்பேன் என்று நினைக்காதே. ஆனால் இந்தக் கடிதத்தை எழுத வைத்தது அந்த இரண்டும் இல்லை. திருப்பதிக்கு உன் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். சுகுணா அப்போதுதான் வேலையிலிருந்து திரும்பியிருந்தாள். பக்தர்கள் தங்கும் லாட்ஜில் படுக்கை விரிப்புகளைத் துவைத்து மடிக்கிற வேலை என்று உனக்குத் தெரியும். உன் மாமா வெங்கடேசு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் முனிசிபாலிட்டி குப்பை வண்டி ஓட்டுகிறவர் என்பதும் உனக்குத் தெரியும். லாவண்யாவின் வீடு இருக்கிற தெரு அவருடைய வண்டி போகிற தெரு என்பதும் தெரியும். அதனால்தானே இவ்வளவும்.

“உன் தம்பி போன் பண்ணானா?” என்று கேட்டேன்.

“பண்ணான்.”

“இன்னா சொன்னான்?”

“அவங்க வழக்கத்துல மூணு முடிச்சும் மாப்ளையே போட்டுக்குவாராம். நாத்தனாருக்கு அங்க வேல இல்லயாம். பெங்களூர்ல ரிசப்ஷன் வெக்கறோம், அங்க வா அக்கான்னான்.”

வெங்கடேசு வாயில் சோற்றோடு சிரித்தார். “மாமா, நான் தெனம் காலையில பாட்டு போட்டுக்கினு அந்தத் தெருவுல போறேனா? பொண்ணோட அம்மா கேட்டாண்ட நின்னுக்கினு பக்கெட்ட நீட்டும். ஈரக் குப்ப தனி, காஞ்ச குப்ப தனி. தெருவுலயே ஒழுங்கா பிரிச்சிக் குடுக்கற ஒரே அம்மா. தங்கமான பொம்பள. நான் சம்பந்தி வூட்டு மாப்ளைனு தெரிஞ்சா, பாவம், அப்பறம் குப்பைய யார்கிட்ட குடுக்கும்?”

“வாய மூடிக்கினு துன்னு” என்று சுகுணா அவர் தோளில் ஒரு அடி போட்டாள். அவளும் சிரித்தாள். சிரித்துவிட்டு எழுந்து குழாயடிக்குப் போய், கழுவிக் கவிழ்த்திருந்த பாத்திரங்களை எடுத்து மறுபடியும் கழுவினாள்.

லாட்ஜில் அவள் எல்லா மாடியிலும் சொல்லி வைத்திருக்கிறாள்: தம்பி கல்யாணம், நான்தான் முடிச்சுப் போடணும், யாராவது என் டூட்டியைப் பாருங்கள் என்று. இன்னொருத்தி ஒப்புக்கொண்டு தன் லீவை மாற்றிக் கொடுத்திருக்கிறாள். இப்போது அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஏன் என்று கேட்பார்களே, என்ன சொல்லட்டும் என்று உன்னையே கேட்டிருக்கிறாள். “எதனா சொல்லு அக்கா” என்றாயாம். ஒரு மனுஷியிடமிருந்து உரிமையையும் பிடுங்கிக்கொண்டு, அதற்கான பொய்யையும் அவளையே தேடச் சொல்வதற்கு எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தாய்?

நம் வழக்கத்தில் முதல் முடிச்சு மாப்பிள்ளையுடையது, மற்ற இரண்டும் அவனுடன் பிறந்தவளுடையவை. அவர்கள் வழக்கத்தில் மூன்றும் மாப்பிள்ளை கையால். அதுவும் நல்ல வழக்கம்தான். ஒரே மண்டபத்தில் தமிழ் முறையும் தெலுங்கு முறையும் கலந்து நடக்கிற கல்யாணங்கள் நம் பக்கம் எத்தனையோ. அவர்கள் வழக்கம் பெரிது என்று நினைத்து நீ உன் அக்காவை விலக்கியிருந்தால் உன்னோடு வாதாடிப் பார்த்திருப்பேன். அவள் வந்தால் வெங்கடேசு வருவார், அவர் முகத்தை அந்தத் தெரு ஜனங்களுக்குத் தெரியும், பத்திரிகையில் இருக்கிற நாயுடு பொய் என்று பந்தியிலேயே தெரிந்துபோகும். அதற்காக விலக்கினாய். வழக்கத்தைக் கொண்டுவந்து மேலே போர்த்தினாய்.

பிச்சாட்டூர் பக்கம் நான் லைன்மேனாக இருந்தபோது நடந்த ஒன்றை உனக்கு இதுவரை சொன்னதில்லை. ஏரிக்கரைக்குப் பக்கத்தில் ஒரு பெரிய வீடு. மறுநாள் கல்யாணம், வீடு நிறைய ஜனம், கரண்ட் போய்விட்டது. கம்பத்தில் பழுது இல்லை, வீட்டுக்குள் பியூஸ் போயிருந்தது. போர்டு இருந்ததோ பூஜை அறையைத் தாண்டி நடு ஹாலில். கேட்டைத் திறக்கப் போனேன். வீட்டுக்காரர், “அக்கடே உண்டு, லைன்மேன். நுவ்வு செப்பு, மாவாடு சேஸ்தாடு” என்றார். அங்கேயே இரு, நீ சொல்லு, எங்கள் பையன் செய்வான் என்று அர்த்தம். அந்தப் ‘பையன்’ பட்டு வேட்டி கட்டிய பெரிய மாப்பிள்ளை. நான் கேட்டில் நின்றுகொண்டு கத்தினேன், “மொதல்ல மெயின ஆஃப் பண்ணுங்க!” என்று. மேளக்காரர்கள் சுதி பார்த்துக்கொண்டிருந்த சத்தத்தில் அவருக்கு அது கேட்கவில்லை. மெயினை ஆஃப் செய்யாமலே பியூஸைப் பிடுங்கினார். பளீரென்று ஒரு பொறி, அவருடைய அலறல். அதன் பிறகு என்னை வாங்க வாங்க என்று அழைத்தார்கள். காலில் ஷூவோடு பூஜை அறையைத் தாண்டிப் போனேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. வேலையை முடித்துவிட்டுத் திரும்பினால், அந்த வீட்டுப் பெரியம்மா எனக்குப் பின்னாலேயே சொம்பிலிருந்து தரையில் மஞ்சள் தண்ணீர் தெளித்துக்கொண்டு வருகிறாள்.

“லைட் எரியுதாம்மா?” என்று கேட்டேன்.

“எரியுதுப்பா” என்றாள், தெளித்துக்கொண்டே.

நான் யார் என்று தெரிந்து வெளியே நிறுத்தினார்கள், தெரிந்து உள்ளே கூப்பிட்டார்கள், தெரிந்து தண்ணீர் தெளித்தார்கள். அந்த அசிங்கம் அவர்கள் வீட்டுத் தரையில் கிடந்தது. என்மேல் ஒட்டவில்லை. நான் வீட்டுக்கு வந்து நன்றாகச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினேன். நீ செய்திருப்பது வேறு. அந்த அம்மாளுக்கு வேலையே வைக்காமல் சொம்பை நீயே வாங்கிக்கொண்டாய். உன் அக்கா நடந்த இடத்தில் நீயே தெளிக்கிறாய்.

உனக்கு என்மேல் ஒரு பழைய வழக்கு இருக்கிறது. அன்று போனில் அதையும் சொன்னாய்: “உன் பிடிவாதத்துக்கு நாங்க எத்தன வூட்ட வுட்டோம், நைனா!” நீ எந்த வீட்டை நினைத்துச் சொன்னாய் என்று எனக்குத் தெரியும். சித்தூரில் மொட்டை மாடிக்குத் தனிப் படி வைத்த வீடு. நீ அப்போது சின்னப் பள்ளிக்கூடப் பையன். வீட்டுக்காரர் நாம் தமிழ் பேசுவதைக் கேட்டுவிட்டு, “மீரு மொதலியார்லா?” என்று கேட்டார். கேள்விகூட இல்லை அது, அவராகவே முடிவு செய்துகொண்டார். நான் தலையை ஆட்டியிருந்தால் சாவி கைக்கு வந்திருக்கும். ஆட்டாமல் சும்மா நின்றிருந்தாலே வந்திருக்கும். இல்லை என்றேன். நாம் யார் என்றும் சொன்னேன். அந்த வீட்டை அண்ணன் மகனுக்குக் கொடுப்பதாக ஏற்கெனவே சொல்லியிருந்தது அவருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. நீ அதற்குள் மாடிக்கு ஓடிப்போய், எங்கே நின்று பட்டம் விடலாம் என்று இடமே பார்த்து வைத்திருந்தாய். ஆட்டோவில் வழி முழுக்க அழுதாய். உன் அம்மா, “கேட்டாரா உன்ன? வாய மூடிக்கினு இருந்திருந்தா இன்னா?” என்றாள். அதன் பிறகும் பல வீடுகள் பார்த்து, கடைசியில் எஸ்.சி. காலனியிலேயே நமக்கு வீடு அமைந்தது.

அதற்காக இன்றைக்கும் நான் வருத்தப்படவில்லை. வருத்தப்படுவேன் என்று எதிர்பார்த்து இதைப் படிக்காதே. அந்த வீட்டில் முதலியாராகக் குடியேறியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று சொல்கிறேன். தோல் மண்டியில் வேலை பார்த்த உன் தாய்மாமன் நம் வீட்டுப் படி ஏறியிருக்க முடியாது. உன் அம்மா ஞாயிற்றுக்கிழமைக் குழம்பை ஜன்னலைச் சாத்திக்கொண்டு கொதிக்க வைத்திருப்பாள். உன் அக்காவின் சிநேகிதிகள் காலனியிலிருந்து வந்தால், அவளே ஓடிப்போய்த் தெருமுனையில் அவர்களை நிறுத்திப் பேசி அனுப்பியிருப்பாள். இப்படி ஒரு பொய் சொன்னால் அதில் முதலில் வெளியே போகிறவர்கள் சொந்தக்காரர்கள்தான். அன்றைக்கே உன் அம்மாவிடம் இதைச் சொன்னேன். அவள் நம்பவில்லை. இப்போது நீ நாயுடு வீட்டுப் பையன் ஆவதற்கு முன்பே உன் அக்கா வெளியே போயாயிற்று. கல்யாணமே இன்னும் நடக்கவில்லை. நாளைக்கு உனக்கு ஒரு குழந்தை பிறந்தால், தொட்டிலில் போடுகிற அன்று யார் வரலாம், யார் வரக்கூடாது? தாத்தா பெயர் என்ன என்று அந்தக் குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் கேட்டால் எந்தப் பெயரைச் சொல்லச் சொல்வாய்? மூன்று மணி நேரம் என்கிறாயே, இது எங்கே போய் முடியும் என்று கணக்குப் போட்டாயா?

சுகுணா விஷயம் காதுக்கு எட்டி, நேற்று லாவண்யா போன் செய்தாள். அரைத் தமிழும் அரைத் தெலுங்குமாகப் பேசினாள். “மாமய்யா, பத்திரிகையில பேர் மாத்தினது எனக்குத் தெரியும். தாத்தாவுக்காகன்னு நான்னா சொன்னாரு, நானும் சரின்னுட்டேன். என் தப்புதான். ஆனா அக்காவ வரவேணாம்னு சொன்னது எனக்குத் தெரியாது, மாமய்யா. ஒட்டு, நிஜமா தெரியாது.” நான்னா என்றது அவள் அப்பாவை. ஒட்டு என்று சத்தியம் வைத்துச் சொன்னாள். அவள் அழவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது. “இப்ப யாரு என்ன செய்யணும், நீங்க சொல்லுங்க” என்றாள். எழுதி அனுப்புகிறேன் என்றேன். உனக்கு எழுதுகிற இந்தக் கடிதத்தில் அவளுக்கான பதிலும் இருக்கிறது.

உன் மாமனார் பத்திரிகையைத் திருத்தி, முன்பு யார் யாருக்கு அனுப்பினாரோ அவர்கள் எல்லோருக்கும் மறுபடி அனுப்ப வேண்டும். என் பெயருக்குப் பின்னால் ஒன்றும் வேண்டாம். நம் ஜாதியைப் போடச் சொல்லி நான் கேட்கவில்லை. பெயர் மட்டும் போதும். மண்டப வாசலில் வைக்கிற ஃபிளெக்ஸிலும் அப்படியே. மன்னிப்பு ஏதும் வேண்டாம். வழக்கம்போலப் பாவகாரு என்று கூப்பிடட்டும்.

புரோகிதர் மைக்கில் நம் பக்கம் வரும்போது உன் தாத்தா பெயரையும் என் பெயரையும் உன் பெயரையும் சொல்லட்டும். காசியபர் பெரிய ரிஷி. அவரை இந்த விஷயத்தில் இழுக்க வேண்டாம்.

லாவண்யா தன் தாத்தா பக்கத்தில் உட்கார்ந்து, தான் கட்டிக்கொள்ளப்போகிறவன் யார் வீட்டுப் பிள்ளை என்று தன் வாயால் சொல்ல வேண்டும். அதிர்ச்சியில் அவருக்கு ஏதாவது ஆகிவிடும் என்கிறார்கள். இத்தனை வயது வரை எவ்வளவோ பார்த்த மனிதர், பத்திரிகையில் மூன்று எழுத்து குறைந்ததற்காகச் செத்துப்போக மாட்டார். கோபப்படுவார். படட்டும். நானும்தான் கோபப்படுகிறேன், இரண்டு பேரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து கோபப்பட்டுக்கொள்கிறோம்.

வெங்கடேசு அன்று காலை அந்தத் தெருவில் குப்பை எடுத்துவிட்டு, குளித்து, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வர வேண்டும். பெண்ணின் அம்மா தங்கமானவர் என்று அவர் சொன்னார். அது உண்மையா என்று அன்று தெரிந்துகொள்ளலாம்.

உன் அம்மா எப்படியும் வருவாள். ஜாக்கெட் தைக்கக் கொடுத்துவிட்டாள். நான் தடுக்க மாட்டேன். நானும் அவளோடு மண்டபம் வரை வருவேன். வாசலில் நின்று ஃபிளெக்ஸைப் படிப்பேன். கேட்டுக்கு வெளியே நிற்பது எனக்குப் புதிது இல்லை. என் பெயர் என் பெயராக இருந்தால் உள்ளே வருவேன். இல்லையென்றால் அவள் சாப்பிட்டு வருகிற வரைக்கும் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்து, அவளை அழைத்துக்கொண்டு சித்தூர் திரும்புவேன். சாபம் கொடுக்க மாட்டேன். நீ நன்றாக இருப்பாய். நான் மட்டும் அந்தப் போட்டோவில் இருக்க மாட்டேன்.

நீ செய்ய வேண்டியவை இரண்டு. இன்றைக்கே சுகுணாவுக்குப் போன் செய். அந்த லீவைத் திருப்பிக் கொடுக்காதே அக்கா என்று சொல். கல்யாணத்தன்று மேளம் கொட்டும்போது, எல்லோரும் பார்க்க, முதல் முடிச்சைப் போடு. அது உன்னுடையது. போட்டதும் கையை எடுத்துவிட்டுக் கொஞ்சம் நகர்ந்துகொள். உன் அக்கா வந்து நிற்க இடம் வேண்டும்.